அவருக்கு நான் கற்றுக்கொடுத்த வார்த்தை

கெய்ன்ஸ்வில், ஜார்ஜியா
3 அக்டோபர் 1996, வியாழக்கிழமை

குன்சானில் இருக்கும் என் ஒக்புன் அக்காவுக்கு,

தங்கை இன்ஜா எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படியைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறுகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ அனுப்பிய பார்சல் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. சுங்கத்துக்காரர்கள் மிளகாய்த்தூள் பொட்டலத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி முழுக்கச் சிவப்பு. நெத்திலியும் கடற்பாசியும் தப்பித்தன. இவர் பெட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "குன்சான் வாசனை" என்றார். நாலைந்து நாளாக இவர் என்னிடம் தானாக வாய் திறந்து பேசியது அது ஒன்றுதான்.

போன வெள்ளிக்கிழமை, நம் அறுவடைப் பண்டிகை சூசோக் அன்று, நீ போன் செய்தாய். அப்பா அம்மாவுக்குப் படையலை நீ ஒருத்தியே வைத்ததாகச் சொன்னாய். "மாப்பிள்ளை எங்கடி, குரலே கேக்கல" என்று கேட்டாய். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார் என்றேன். அது பொய். எங்களுக்கு அன்று பண்டிகை இல்லை, பலகாரம் இல்லை. நாங்கள் வக்கீல் வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தோம். இவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் இருக்கும் கூடத்தில் வைத்து உன்னிடம் நான் என்ன சொல்ல முடியும்?

வருகிற செவ்வாய்க்கிழமை, எட்டாம் தேதி, கோர்ட். இவருக்கு ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

விபத்தைப் பற்றி மார்ச் மாதமே உனக்கு எழுதினேன். ஆனால் அரைகுறையாக எழுதினேன். இப்போது முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி விடியற்காலை இவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். குஞ்சு பொரிப்பகத்துக்கு ஐந்தரைக்குப் போய்ச் சேர வேண்டும், பிறந்து சில மணி நேரமே ஆன குஞ்சுகளை ஆண் பெண் பிரிக்க வேண்டும். இங்கே வந்த பத்தொன்பது வருடமாக அதே சாலை, அதே நேரம். வெர்னன் டில்லார்ட் என்று எழுபத்தோரு வயதுக்காரர், சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த தன் தபால் பெட்டியைப் பார்க்கக் குறுக்கே வந்திருக்கிறார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். இவருடைய வண்டி மோதிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த மனிதரின் உயிர் போய்விட்டது. இவர் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்திருந்தாராம். போலீஸ்காரர்தான் எனக்குச் சொன்னார்.

போலீஸ்காரர் நல்ல மாதிரி. சக்கரத் தடத்தையெல்லாம் நாடா வைத்து அளந்து பார்த்தார். வேகம் குறைவு, விளக்கு எரிந்திருக்கிறது, குடிக்கவில்லை. "யார் ஓட்டியிருந்தாலும் இதுதாம்மா நடந்திருக்கும், இவரைப் படுக்க வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் ஒரு மனிதர் செத்திருக்கும்போது நம்மால் எப்படி வீட்டில் படுத்துக் கிடக்க முடியும்? நீயாக இருந்தால் இருப்பாயா? மூன்றாம் நாள் கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சாவு வீட்டுக்குப் போனோம். இங்கே பிணத்தை வீட்டில் வைப்பதில்லை, அதற்கென்று தனிக் கட்டடம். தரை முழுக்கக் கம்பளம், பூ, மெல்லிசாக பியானோ. இவர் நேராகப் பெட்டிக்கு முன்னால் போய் நெற்றி தரையில் படும்படி இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். பிறகு திரும்பி, இறந்தவரின் மனைவி லொரெட்டாவுக்கும் மகனுக்கும் ஒரு முறை. நம் ஊரில் இறந்தவருக்கு இரண்டு, வீட்டாருக்கு ஒன்று. அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். லொரெட்டா மட்டும் குனிந்து இவர் தோளைத் தொட்டாள். மகன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெள்ளை உறையில் துக்கப் பணத்தையும், கூடவே ஒரு கடிதத்தையும் வைத்துக் கொடுத்தோம். அந்தக் கடிதத்தை எழுதியது நான். கடையில் பதினைந்து வருடமாகப் பேன்ட் நீளம் குறைத்துக்கொடுத்துப் பழகிய ஆங்கிலம் என்னுடையது. அந்த ஆங்கிலத்தில், அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 'நடந்தது எல்லாம் என் கவனக்குறைவால். தவறு முழுவதும் என்னுடையது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை.' வேறு என்ன எழுதுவார்கள்? உன் பக்கத்து வீட்டுக்காரர் மீன் லாரியால் ஒருவரை இடித்தபோதும் இதையேதான் எழுதிக் கொடுத்தார். சாக வேண்டியவன் நான் என்றுகூட எழுதுவார்கள். எழுதி, விழுந்து கும்பிட்டு, அவர்கள் மனம் இறங்கி, மன்னித்துவிட்டோம் என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதற்கப்புறம் கோர்ட்டும் மென்மையாகிவிடும். எனக்குத் தெரிந்த உலகம் அது. இவர் என் கடிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் கடைசியில் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. கவனமில்லாமல் வண்டி ஓட்டி மரணம் விளைவித்தார் என்று வழக்கு. மகன் நாங்கள் கொடுத்த கடிதத்தை அரசு வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். லொரெட்டாவுக்கு இதில் விருப்பமே இல்லை. தபால் நிலையத்தில் ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வெர்னன் கிட்ட நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், இருட்டுல அந்தக் கறுப்புக் கோட்டோட போகாதேன்னு. உன் வீட்டுக்காரர் மேல எனக்குக் கோவம் இல்ல, என் பையன்தான் கேக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அன்று நிம்மதியாகக்கூட இருந்தது.

சர்ச்சில் சொல்லி ஒரு வக்கீலைப் பிடித்தோம். ஹெலன் மெங் என்று பெயர், முப்பது வயது இருக்கும். அப்பா அம்மா நம் ஊர்க்காரர்கள்தான், இவள் பிறந்தது இங்கே. அவள் பேசும் நம் மொழி நாலு வயதுக் குழந்தை பேசும் மொழி. மரியாதைப் பேச்சே வராது. ஐம்பத்தெட்டு வயது மனிதரை "நீ வா, நீ உக்காரு, பயப்படாதே" என்பாள். இவருக்கு முதல் நாள் முகம் சிவந்துவிட்டது. பிறகு பழகிவிட்டது. முக்கியமான பேச்சையெல்லாம் அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் இவருக்குச் சொல்ல வேண்டும். இவர் சொல்வதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

ஹெலன் அந்தக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டாள். நான்தான் என்றேன். யாராவது எழுதச் சொன்னார்களா என்றாள். "யாரும் சொல்லல, எழுதாம எப்படி இருக்கிறது?" என்றேன். அவள் நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டாள். போலீஸ் அளந்த அளவு முழுக்க நம் பக்கம் இருக்கிறது, நம்முடைய ஒரு பக்கக் கடிதம்தான் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்றாள். அக்கா, அன்றைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். என் கையால் எழுதிக் கொடுத்து என் புருஷனை உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. நெக்லிஜென்ஸ். சட்டத்தில் வரும் ஆங்கில வார்த்தை. கோர்ட்டில் அட்லான்டாவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார். அரசு வக்கீல் இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்பார், மொழிபெயர்ப்பாளர் அதை நம் மொழியில் கவனக்குறைவு என்று சொல்லுவார். ஹெலனுடைய அப்பாவும் நம் ஆள்தானே, அதனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "நம்ம பாஷையில கேட்டா உங்க வீட்டுக்காரர் ஆமாம்னுதான் சொல்லுவார். பால் பொங்கி வழிஞ்சாலும் என் கவனக்குறைவுங்கிற ஜனம் நாம. அதனால அவர் இந்த ஒரு வார்த்தைய இங்கிலீஷ்லயே புரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் பதில் சொல்லணும், மொழிபெயர்ப்பாளருக்கு இல்ல" என்றாள்.

பொருளையும் சொன்னாள். சாதாரணமாக ஜாக்கிரதையாக இருக்கும் ஒரு மனிதர் அதே இடத்தில், அவருக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, என்ன செய்திருப்பாரோ அதைச் செய்யாமல் விடுவது. வருத்தம் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாதாம். நான் இவருக்கு எடுத்துச் சொன்னேன். இவர் யோசித்துவிட்டு, "அந்த ஜாக்கிரதையான மனுஷன் எந்த ஊரு?" என்று கேட்டார். நான் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நான் முப்பத்தொரு வருடமாக அந்த ஜாக்கிரதையான மனுஷனோடுதான் குடித்தனம் செய்கிறேன்.

மே மாதத்திலிருந்து தினமும் மூன்று மணிக்குச் சமையலறை மேசையில் எங்களுக்குப் பாடம். இவர் வேலை முடிந்து வந்து, குளித்து, கையிலிருந்து குஞ்சு வாடை போகும்வரை தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருவார். நான் வாற்கோதுமைத் தண்ணீரை இரண்டு கோப்பையில் ஊற்றி வைத்துவிட்டு அரசு வக்கீலாகிவிடுவேன். அந்த வார்த்தையை நம் எழுத்தில் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். பத்தொன்பதாம் தேதி காலை உங்களிடம் நெக்லிஜென்ஸ் இருந்ததா என்று கேட்பேன். தினமும் ஒரே பதில்தான். "இருந்துச்சு. ஒரு மனுஷன் செத்துட்டாரே."

எத்தனை நாள் அக்கா! மே, ஜூன், ஜூலை. நான் கத்துவேன், கெஞ்சுவேன். "தப்பு இல்லன்னா நான் எதுக்கு விழுந்து கும்பிட்டேன்? அப்போ அது பொய்யா?" என்பார். கும்பிட்டது துக்கத்துக்கு, கோர்ட்டில் கேட்பது வேறு என்பேன். "துக்கம் வேற தப்பு வேறன்னு யாரு பிரிச்சது?" "இங்கிலீஷ்காரன் பிரிச்சிருக்கான்." "அவன் பிரிக்கட்டும். எனக்குக் குஞ்சு பிரிக்கத்தான் தெரியும்." இப்படியே போகும். சில நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். பல நாள் கோப்பையை நங்கென்று வைத்துவிட்டு நான் எழுந்து போய்விடுவேன். எனக்கு அலுத்துவிட்டது. தையல் கடையில் நின்று கால் வீங்கி வந்து, அதற்கு மேல் இந்தப் பாடம். ஆனால் விட்டால் இவர் சிறைக்குப் போவார், அதனால் மறுநாளும் மூன்று மணிக்கு உட்காருவேன்.

சியாட்டிலில் மகள் மிரானுக்கு நவம்பரில் பிரசவம். அவளிடம் சின்ன விபத்து என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். நீயும் அப்படியே சொல்லு. வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நிற்பாள்.

ஆகஸ்டில் ஹெலன் ஒரு யோசனை சொன்னாள். பொருளைச் சொல்வதைவிட உதாரணமாகச் சொல்லுங்கள் என்றாள். அவளே நாலைந்து எழுதிக் கொடுத்தாள். நான் தினம் ஒன்றாகச் சொன்னேன். கடைக்காரர் தரையைக் கழுவிவிட்டு, வழுக்கும் என்று பலகை வைக்காமல் விட்டார், ஒரு பெண் விழுந்தாள். அது நெக்லிஜென்ஸ். திடீரென்று காற்றடித்து மரம் முறிந்து பக்கத்து வீட்டு வண்டி மேல் விழுந்தது. அது கிடையாது. இவருக்கு உதாரணங்கள் பிடித்துவிட்டன. கையைத் தட்டாத குறையாக இது இந்தப் பக்கம், இது அந்தப் பக்கம் என்று பிரித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு மனசு லேசாகிவிட்டது. நாலாவதாக, ஒருவர் தன் வண்டியில் பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் ஓட்டிக்கொண்டு போய் மோதினார் என்றேன். இவர் அதை எந்தப் பக்கமும் பிரிக்கவில்லை. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்து அன்று பாடத்தை நிறுத்திவிட்டேன்.

மறுநாளிலிருந்து, நெக்லிஜென்ஸ் இருந்ததா என்று நான் கேட்டால், இருந்தது என்று சொல்வதை இவர் விட்டுவிட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போவார். ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நான் ஹெலனுக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னேன். என்னைப் போல முட்டாள் உண்டா?

சூசோக்குக்கு நாலு நாள் முன்பு, மூன்று மணிக்கு, நான் கேள்வி கேட்பதற்கு முன்னால் இவர் கேட்டார். "மிரான் அம்மா, அந்தக் கார்ல பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, ஓட்டினவனோட கண்ணுதான் கெட்டிருந்துச்சுன்னு வை. அவனுக்கும் அது தெரியும். அது எந்தப் பக்கம்?"

அக்கா, இனிமேல் எழுதப்போவது யாருக்கும் தெரியாது.

போன டிசம்பரில் பொரிப்பகத்திலிருந்து இவருக்கு ஒரு சீட்டு வந்தது. பிரித்த பெட்டைகளில் சேவல் கலந்திருக்கிறது என்று. பத்தொன்பது வருடத்தில் முதல் சீட்டு. ஜனவரியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இடது கண்ணுல பால் ஊத்தின மாதிரி இருக்கு. பல்புக்குக் கீழ சமாளிச்சிடறேன். விடியக்காலைல ரோட்டுலதான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. டாக்டரப் பாக்கணும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீசன் முடியட்டும். இப்போ போனா டாக்டர் காகிதத்துல எழுதிடுவார். எழுதினா பொரிப்பகத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மார்ச் வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க" என்றேன். இவர் சரி என்று சாப்பிட்டு முடித்தார். அதற்கப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிப்ரவரியில் அந்த மனிதர் செத்த பிறகும் பேசவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துப் பேசாமல் இருந்தோமா என்று கேட்டால், எனக்குச் சத்தியமாகத் தெரியாது. போலீஸ்காரர் யார் ஓட்டினாலும் நடக்கும் என்று சொன்னதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அதனால் இவர் அப்படிக் கேட்டபோது நான் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனேன். பதிலை இவரே சொன்னார். "இந்தப் பக்கம்தான், இல்ல?" ஃப்ரிட்ஜ் கதவைக் கையால் காட்டினார்.

போ, அன்றைக்கு நான் ஆடின ஆட்டம் உனக்கு வேண்டாம். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கமாட்டார்கள், நல்ல கண் இருந்தாலும் அந்தக் கறுப்புக் கோட்டு தெரிந்திருக்காது என்றெல்லாம் சொன்னேன். இவர் மறுக்கவில்லை. "தெரிஞ்சிருக்காதுன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா தெரியாதுல்ல" என்றார். ஹெலனைப் பார்க்க வேண்டும், நான்தான் கூட வந்து சொல்ல வேண்டும் என்றார். அப்படித்தான் பண்டிகை அன்று காலை இரண்டு பேரும் கிளம்பினோம். நான்தான் வண்டி ஓட்டினேன். பிப்ரவரிக்குப் பிறகு இவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

இவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இடது கண், ஜனவரி, விடியற்காலை. ஹெலன் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடி வைத்துவிட்டாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இவரைக் கூண்டில் ஏற்றி இல்லை என்று சொல்லவைக்கத் தன்னால் முடியாது என்றாள். ஆனால் கூண்டில் ஏறவே வேண்டாம் என்றாள். "பேசாம உக்காந்திருக்கலாம், அது அவரோட உரிமை. கண்ணப் பத்தி அவங்களுக்குத் தெரியாது. அந்தக் கடிதத்த நான் பாத்துக்கறேன், அது நம்ம ஊர் வழக்கம்னு ஜட்ஜுக்குப் புரிய வெச்சிடுவேன். ஜெயிச்சிடலாம்" என்றாள். நான் இவருக்குச் சொன்னேன். ஜெயித்துவிடலாம் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

இவர் சொன்னார். "தெரியாதப்போ மூணு தடவ விழுந்து கும்பிட்டேன். தெரிஞ்சதுக்கப்புறம் சும்மா உக்காந்திருக்கவா?" செவ்வாய்க்கிழமை தானே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் நம் மொழியில் கேட்டாலும், தான் அந்த ஆங்கில வார்த்தைக்குத்தான் ஆமாம் சொல்வதாக நீதிபதியிடம் எடுத்துச் சொல்லச் சொன்னார். ஹெலன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய குழந்தைப் பாஷையில், "நீ நல்லா கத்துக்கிட்ட" என்றாள். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையலாம், சில மாதமாகலாம், வெளியிலேயே இருக்கவும் விடலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றாள்.

அப்புறம் அவள் திரும்பப் பேனாவைத் திறந்தாள். நீதிபதி கேட்பார் என்று சொல்லி ஒரு கேள்வி கேட்டாள். டாக்டரிடம் போகச் சொல்லி யாராவது சொன்னார்களா, வேண்டாம் என்று யாராவது தடுத்தார்களா?

அதையும் நான்தான் இவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசை மேலிருந்த காகித எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டு, "யாரும் ஒண்ணும் சொல்லல. நானேதான் தள்ளிப் போட்டேன்" என்றார்.

அக்கா, நான் அதையும் மொழிபெயர்த்தேன். யாரும் சொல்லவில்லையாம், அவரேதான் தள்ளிப்போட்டாராம் என்று. குரல்கூட நடுங்கவில்லை. ஹெலன் எழுதிக்கொண்டாள். ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பயமா, அசதியா, இவரே இப்படிச் சொல்லிவிட்டாரே என்ற சௌகரியமா, எது என்று எனக்கே தெரியவில்லை. அந்த அறையிலிருந்து எழுந்து வந்தால் போதும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து, உன் போனை வைத்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோட்டைக் கழற்றிக்கொண்டே, "ஒரு வீட்டுல ஒருத்தர் போனா போதும். நவம்பர்ல மிரானுக்கு யாரு இருக்கா?" என்றார். பிறகு, "பண்டிகைக்கு ஒண்ணுமே செய்யலியே, சோயா விழுதுக் குழம்பாவது வையேன்" என்றார். வைத்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நீ அனுப்பிய நெத்திலி அப்போது வந்திருக்கவில்லை, வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பொரிப்பகத்துக்குப் போன் செய்து, கண் தெரியவில்லை, இனி வேலைக்கு வரவில்லை என்று தானே சொல்லிவிட்டார். இன்றைக்குக் காலையில் தோட்டத்து எள்ளிலையையெல்லாம் பறித்து உப்பில் போட்டு ஜாடியில் அடுக்கினார், நான் தனியாக இருக்கும்போது உதவும் என்று. பாடம் நின்றுவிட்டது. மூன்று மணியானால் இரண்டு பேருக்கும் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. அந்த வார்த்தை எழுதிய காகிதம் இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது, இவர் கிழிக்கவும் இல்லை, நான் கிழிக்கவும் இல்லை.

முன்பெல்லாம் தப்பு என்னுடையது என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! நான்கூட எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், காசா பணமா. ஐந்து மாதம் உட்கார்ந்து, அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று இவருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். இவரோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு இவரால் சொல்ல முடிகிறது, என்னால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். லொரெட்டா வருவாள். எழுந்து வந்து மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொள்வாள், அவள் குணம் அப்படி. அதை நினைத்தால்தான் எனக்குக் கோர்ட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் வருவதற்குள் அந்த முழங்காலுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. இவருக்காக வேண்டிக்கொள்ளும்போது விடுதலை ஆக வேண்டும் என்று வேண்டாதே, அவர் அதைக் கேட்கவில்லை. உள்ளே குளிராமல் இருக்க வேண்டும், யாராவது கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்.

எனக்கு ஒன்று செய். இந்த ஊரில் என்னை யாரும் கேட்கப் போவதில்லை. போலீஸ் கேட்காது, நீதிபதி கேட்கமாட்டார், இவர் சாகும்வரை கேட்கமாட்டார். எனக்கு அக்கா என்று இருப்பது நீ ஒருத்தி. நீ கேள். ஏண்டி அப்படிச் சொன்னாய், ஏண்டி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று வாயில் வருவதையெல்லாம் எழுதி அனுப்பு. போனில் வேண்டாம், போனில் நீ அழுதுவிடுவாய். காகிதத்தில் எழுது, நான் வைத்துக்கொள்வேன். பாவம் என்று மட்டும் எழுதிவிடாதே அக்கா.

உன் தங்கை
தாக் இன்ஜா